ஊர்ப் பணத்தை நீண்ட நாளுக்குக் கொடுப்பது எப்படி? வாசகர் கேள்வி - பதில்

சங்கங்கள், கோயில் குழுக்கள், முன்னாள் மாணவர் மன்றங்கள், குடும்பங்கள் நடத்தும் உதவி நிதிகள் பற்றிய உங்கள் கேள்விகளைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். பணம் திரட்டுவது பற்றிக் கேட்டவர்களைவிட, திரட்டிய பணத்தை எப்படிக் கொடுப்பது என்று கேட்டவர்களே அதிகம். மனத்துக்கு நிறைவாக இருந்தது. ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில். கணக்குகளில் வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டு மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள்.

கேள்வி: மறைந்த எங்கள் தமிழாசிரியர் நினைவாக முன்னாள் மாணவர்கள் 60,000 வெள்ளி சேர்த்திருக்கிறோம். தமிழ் வாசிப்பை வளர்க்க வேண்டும் என்பது நோக்கம். முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் நிரந்தர நிதியாக வைக்கலாம் என்று பாதிப் பேரும், சில ஆண்டுகளில் செலவழித்து முடிக்கலாம் என்று மீதிப் பேரும் சொல்கிறார்கள். எது நல்லது? (ஈசூன் வாசகர்)

இந்தத் தொகைக்குச் செலவழித்து முடிப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

நிரந்தர நிதி நடத்துகிறவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 4% எடுப்பது வழக்கம். 60,000 வெள்ளிக்கு அது 2,400. இந்த வேகத்தில் நீங்கள் சேர்த்த அளவு பணம் பிள்ளைகளிடம் போய்ச் சேர 25 ஆண்டு ஆகும். அதே பணத்தை 6 ஆண்டில் முடிப்பதென்றால் ஆண்டுக்கு 10,000 கையில் இருக்கும். வாரத்தில் சில மணி நேரம் வேலை செய்யும் ஓர் ஒருங்கிணைப்பாளரை வைத்து, இரண்டு மூன்று பள்ளிகளில் வாசிப்புக் குழுக்களை ஒழுங்காக நடத்த அது போதும். 2,400 வெள்ளியில் ஒரு பரிசளிப்பு விழாவைத்தான் நடத்த முடியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 4% எடுத்துக்கொண்டே முதலின் மதிப்பையும் காப்பாற்ற வேண்டுமானால், விலைவாசி ஆண்டுக்கு 2.5% ஏறுகிறது, முதலீட்டுக் கட்டணம் 0.5% என்று வைத்தால்கூட, முதலீடு சராசரியாக 7% ஈட்ட வேண்டும். வங்கியின் நிரந்தர வைப்பில் இது கிடைக்காது. பங்கும் பத்திரமும் கலந்த முதலீட்டில் எதிர்பார்க்கலாம், ஆனால் சில ஆண்டுகள் அது இறங்கவும் செய்யும். பல சங்கங்கள் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நிரந்தர வைப்பில் போட்டுவிட்டு, வரும் வட்டி முழுவதையும் கொடுத்துவிடுகின்றன. கணக்கில் எண் குறையாது. ஆனால் 2.5% விலையேற்றத்தில் 28 ஆண்டுகளில் அந்தப் பணத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும்.

சோழர் காலத்தில் இதற்கு ஒரு கணக்கு இருந்தது. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு (அணையாமல் எரியும் விளக்கு) எரிய 96 ஆடுகளைக் கொடுத்ததாகத் தஞ்சைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வருவது இந்த ஏற்பாடுதான். ஆடு இறந்தாலும் முதுமை அடைந்தாலும் குட்டிகளைக் கொண்டு ஈடுசெய்து, மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது இடையரின் பொறுப்பு. வட்டி முழுவதையும் கொடுத்துவிடும் சங்கம், பிறந்த குட்டிகளையெல்லாம் விற்றுவிடுகிறது.

நிரந்தர நிதிக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. தேவை என்றைக்கும் இருக்க வேண்டும், தொகை பெரிதாக இருக்க வேண்டும், ஓராண்டு வருமானம் குறைந்தாலும் வேலை நிற்காமல் நடக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் தாராளமாக வையுங்கள். வருமானம் தரும் சொத்தாகவும் வைக்கலாம். சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் பி. கோவிந்தசாமி பிள்ளையின் நன்கொடையில் எழுந்த திருமண மண்டபம் 1965இல் திறக்கப்பட்டது. மண்டபம் போன்ற சொத்தின் வாடகை விலைவாசியோடு சேர்ந்து ஏறும். நிரந்தர வைப்பின் வட்டி அப்படி ஏறாது.

நிரந்தர நிதிதான் என்று முடிவெடுத்தால் ஒரு விதியைக் கட்டாயம் எழுதிவையுங்கள்: கடந்த மூன்று ஆண்டு இறுதி மதிப்புகளின் சராசரியில் 4% மட்டுமே எடுக்க வேண்டும். மதிப்பு 60,000, 66,000, 57,000 என்று மாறினால் சராசரி 61,000, எடுக்கக்கூடியது 2,440. இந்த விதி இல்லாத குழுக்கள் சந்தை ஏறிய ஆண்டில் கூடுதலாக வாக்குக் கொடுத்துவிட்டு, இறங்கிய ஆண்டில் முதலில் கைவைக்கின்றன.

செலவழித்து முடிப்பதென்றால் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். முடியும் ஆண்டு ஒன்று. மிஞ்சும் பணம் யாருக்குப் போகும் என்பது இரண்டு. நோக்கம் பொருந்தாமல் போனால் அதை மாற்ற யாருக்கு, எத்தனை பேர் சம்மதத்துடன் அதிகாரம் உண்டு என்பது மூன்று. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஃபிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர் 1914இல் முதல் சமூக அறநிதியைத் தொடங்கியதே இதற்காகத்தான். இறந்தவர்கள் எழுதிவைத்த குறுகிய நோக்கங்களில் பணம் முடங்கிக் கிடப்பதை அவர் பார்த்தார். காலத்துக்கு ஏற்ப நோக்கத்தை மாற்றும் அதிகாரத்தை உள்ளூர்க் குழு ஒன்றிடம் கொடுத்தார். ‘இந்தப் பள்ளியின் உயர்நிலை 2 மாணவர்களுக்குத் தமிழ் அகராதி வாங்க’ என்று எழுதினால், பள்ளி வேறொன்றோடு இணைக்கப்படும் நாளில் உங்கள் நிதியும் முடங்கிவிடும். ‘சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் தமிழ் வாசிப்புக்கு, முதல் விருப்பமாக இன்ன பள்ளிக்கு’ என்று எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கம் ஆண்டுதோறும் ஜூன் மாதம் விழா வைத்து 48 பிள்ளைகளுக்குத் தலா 250 வெள்ளி கல்வி உதவித்தொகை கொடுக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இதைவிடப் பயனுள்ள முறை உண்டா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

உண்டு. குறைவான பிள்ளைகளுக்கு, கூடுதல் தொகையை, மூன்று ஆண்டுகளுக்கு உறுதியாகக் கொடுங்கள். அடுத்த ஆண்டு வருமா என்று தெரியாத 250 வெள்ளியை நம்பி எந்தக் குடும்பமும் திட்டம் போடாது. மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 1,000 வரும் என்று தெரிந்தால், பகுதிநேர வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர் ஒருவர் வீட்டில் பேசிப் பார்க்க முடியும்.

உங்கள் ஆண்டுத் தொகை 12,000 வெள்ளி. மூன்று ஆண்டு வாக்குறுதி என்றால் முதல் ஆண்டே 12 பேரை எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான குழுக்கள் இடறுவது இங்கேதான். 12 பேரை எடுத்தால் அடுத்த இரண்டு ஆண்டும் புதியவர் ஒருவருக்கும் இடமில்லை; கையில் காசும் இல்லாமல் 24,000 வெள்ளிக்கு வாக்குக் கொடுத்திருப்பீர்கள்.

ஆண்டுக்கு நான்கு பேரை எடுங்கள். முதல் ஆண்டு செலவு 4,000, மிச்சம் 8,000. இரண்டாம் ஆண்டு எட்டுப் பேர், செலவு 8,000, மிச்சம் 4,000. மூன்றாம் ஆண்டிலிருந்து எப்போதும் 12 பேர், செலவு 12,000. மூன்றாம் ஆண்டு முடிவில் கையிருப்பு 12,000 இருக்கும். அப்போது இன்னும் கொடுக்க வேண்டிய பாக்கி எவ்வளவு? இரண்டாம் ஆண்டில் சேர்ந்த நால்வருக்கு ஓராண்டு, மூன்றாம் ஆண்டில் சேர்ந்த நால்வருக்கு இரண்டாண்டு, மொத்தம் 12,000. அன்றோடு நன்கொடை அடியோடு நின்றுபோனாலும், புதியவர்களை எடுக்காமல் கொடுத்த வாக்கு முழுவதையும் காப்பாற்றிவிடலாம். இந்தக் கையிருப்பைப் பார்த்து ‘பணம் சும்மா கிடக்கிறதே’ என்று பொதுக்கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். யாருக்குக் கொடுக்க ஒதுக்கியது என்று கணக்கறிக்கையில் தனி வரியாகக் காட்டிவிடுங்கள்.

அடுத்தது, எதற்குக் கொடுப்பது. அரசாங்கப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்துக்குத் தகுதிபெற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் தள்ளுபடி ஆகிறது, பாடநூலும் சீருடையும் இலவசமாகக் கிடைக்கின்றன, உணவுக்கும் போக்குவரத்துக்கும் உதவி உண்டு. பாடநூலுக்கென்று நீங்கள் கொடுக்கும் பணம் அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே கிடைப்பதன் மேல்தான் விழும். விண்ணப்பத்தில் ‘எதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை’ என்ற ஒரே கேள்வியைச் சேருங்கள். பழுதான மடிக்கணினி, மூக்குக்கண்ணாடி, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் தவறும் வகுப்பு என்று வரும் பதில்களைப் பார்த்தால், பணத்தைத் தலைப்புக் கட்டாமல் கொடுப்பதே நல்லது என்று உங்களுக்கே தோன்றும். துணைப்பாட வகுப்புத்தான் தேவை என்றால் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நடத்தும் வகுப்புகளுக்கு வழிகாட்டுங்கள். நீங்களும் ஒன்று தொடங்க வேண்டியதில்லை.

மாதமும் முக்கியம். இங்கே பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. செலவு நவம்பர், டிசம்பரில் வருகிறது. ஜூனில் கொடுக்கும் பணம், ஏற்கெனவே வாங்கிய கடனை அடைக்கத்தான் போகும். நவம்பர் நடுவில் நேரடியாக வங்கிக் கணக்குக்கோ பேநவ் மூலமோ அனுப்பிவிட்டு, விழாவைத் தனியாக எப்போது வேண்டுமானாலும் வையுங்கள். மேடையில் பிள்ளைகளை நிறுத்திப் பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் படம் எங்கெல்லாம் போகும் என்று தெரியும். அதற்காகவே விண்ணப்பிக்காமல் விடுபவர்கள் உண்டு.

கடைசியாக, மதிப்பெண் குறைந்தால் உதவி நிறுத்தப்படும் என்ற நிபந்தனை. வீட்டில் நோயோ வேலையிழப்போ வரும்போதுதான் மதிப்பெண் சரியும். உதவி அப்போதுதான் மிக அவசியம். நிபந்தனை வேண்டும் என்றால் ‘படிப்பைத் தொடர வேண்டும்’ என்பது போதும். மதிப்பெண் சரிந்தால் குழுவில் ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்பதை உங்களுக்கான விதியாக எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். ‘என் பணத்தில் ஒரு காசுகூட நிர்வாகத்துக்குப் போகக்கூடாது’ என்கிறார்கள் நன்கொடையாளர்கள். 30% விதி என்றும் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (பிடோக் வாசகி)

முதலில் விதியைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஐபிசி தகுதி (நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் பொதுநலத் தகுதி) பெற்ற அமைப்புகளுக்கு உள்ள 30/70 விதி, நன்கொடை திரட்ட ஆகும் செலவு பற்றியது. ஓராண்டில் நிதி திரட்டியதில் வந்த தொகையில் 30%க்கு மேல் அந்தத் திரட்டலுக்கே செலவாகக்கூடாது. அலுவலக வாடகைக்கும் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்துக்கும் அது வைத்த வரம்பல்ல. இரண்டையும் குழப்பி, தேவையான பணத்தைக் கேட்கவே பயப்படும் அமைப்புகள் பல.

இனிச் செலவை முழுதாக எழுதிக் காட்டுங்கள். 30 பிள்ளைகள், 40 வாரம் என்று வைப்போம். இரண்டு ஆசிரியர்கள், வாரம் மூன்று மணி நேரம், மணிக்கு 35 வெள்ளி: 8,400. நூல், அச்சு, தாள்: 1,200. அறை வாடகை வாரம் 50: 2,000. ஆக 11,600. பெரும்பாலான திட்ட விண்ணப்பங்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் வாரம் ஆறு மணி நேரம், மணிக்கு 25 வெள்ளிக்கு 44 வாரம் வேலை செய்யும் ஒருங்கிணைப்பாளருக்கு 6,600. கணக்குச் சரிபார்ப்பு, காப்புறுதி, தொண்டூழியர் பயிற்சிக்கு 1,800. உண்மையான செலவு 20,000. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 670.

அந்த ஒருங்கிணைப்பாளர் என்ன செய்கிறார் என்று நன்கொடையாளரிடம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலை பெற்றோருக்கு நினைவூட்டல் அனுப்புகிறார். இரண்டு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்குப் பேசுகிறார். ஆசிரியர் வர முடியாத நாளில் மாற்று ஆளைத் தேடுகிறார். அவரை எடுத்துவிட்டால் மூன்றாம் தவணையில் வகுப்பில் பாதி நாற்காலி காலியாகும், ஆசிரியருக்கும் அறைக்கும் கொடுத்த பணம் வீணாகும். அவர் செய்வது வகுப்பு வேலைதான். விண்ணப்பத்திலும் அப்படியே ‘வகுப்புச் செலவு’ தலைப்பில் போடுங்கள்.

பெரிய அறநிறுவனங்களின் போக்கும் மாறிவருகிறது. அமெரிக்காவின் ஃபோர்டு அறநிறுவனம் திட்டத் தொகையோடு நிர்வாகத்துக்குத் தரும் பங்கை 10%இலிருந்து 20% ஆக்கி, பிறகு 25% ஆக்கியது. 2016இல் அது தொடங்கிய பில்ட் திட்டத்தில், அமைப்புகள் தம் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய தொகையை ஐந்து ஆண்டுக்கு உறுதியாகக் கொடுத்தது. அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் தரும் பெருந்தொகைகளிலும் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற கட்டு இல்லை. நம் அளவில் இதைச் செய்ய ஒரு வழி: 20,000 வெள்ளித் திட்டத்துக்கு ஐந்து பேரிடம் தலா 4,000 கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் முழு வரவுசெலவைக் காட்டி, ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்லுங்கள். யாருடைய பணம் எதற்குப் போனது என்று பிரிக்கும் வேலையே இருக்காது.

கேள்வி: உதவி பெறும் குடும்பங்களையே தேர்வுக் குழுவில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் இளையர் பிரிவு சொல்கிறது. தெரிந்தவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள் என்று மூத்தவர்கள் தயங்குகிறார்கள். (ஜூரோங் வாசகர்)

தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும் ஆபத்து இப்போதுள்ள குழுவுக்கும் உண்டு. விதி சரியாக இருந்தால் யார் உட்கார்ந்தாலும் அதைத் தடுக்கலாம்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் நகராட்சி வரவுசெலவின் ஒரு பகுதியைக் குடிமக்களே முடிவுசெய்யும் முறையைத் தொடங்கியது. அந்த எண்ணம் அறநிதிகளுக்கும் வந்து, இன்று பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. சிறிய நிதிக்கு நாங்கள் பரிந்துரைக்கும் அமைப்பு இது: ஒன்பது பேர். ஐந்து பேர் முன்பு உதவி பெற்ற குடும்பங்களிலிருந்தோ அதே வட்டாரத்திலிருந்தோ வரட்டும். இருவர் ஆசிரியர் அல்லது சமூக ஊழியர். இருவர் நன்கொடையாளர். உதவி பெற்றவர் ஒருவரை மட்டும் அடையாளத்துக்குச் சேர்த்தால் அவர் வாயே திறக்கமாட்டார். அவர்கள் பாதிக்கு மேல் இருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு முன்பே விண்ணப்பப் பட்டியலைப் பார்த்து, உறவினர், அண்டை வீட்டார், உடன் வேலை செய்பவர் எவரேனும் இருந்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் பேசப்படும்போது அவர் அறையைவிட்டு வெளியே போக வேண்டும். உட்கார்ந்தபடி ‘நான் பேசவில்லை’ என்றால் போதாது. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். ஒவ்வொருவரும் வீட்டிலேயே மதிப்பெண் போட்டுக்கொண்டு வர வேண்டும், அவற்றைத் தாளில் சேர்த்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். நன்கொடையாளர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்ற ஏழு பேரின் கருத்தும் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

சிறிய விஷயங்களில்தான் இது கெடும். வாரநாள் இரவு 7 மணிக்குக் கூட்டம் வைத்தால் மாறுநேர வேலை செய்பவரும் கைக்குழந்தைக்காரரும் வரமாட்டார்கள். ஞாயிறு காலை வையுங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு தொண்டூழியரை ஏற்பாடு செய்யுங்கள். அமர்வுக்கு 50 வெள்ளி படி கொடுங்கள். பாதி நாள் வேலையை விட்டு வருபவரிடம் அவர் நேரத்தை இலவசமாகக் கேட்கக்கூடாது. விண்ணப்பச் சுருக்கம் ஒரு பக்கத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். பெயர், அடையாள அட்டை எண், முகவரி எடுத்துவிட்டுக் கொடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வட்டாரத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிந்தவர்கள் என்பதும் இருக்கிறது. குழுவில் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்க வேண்டாம். சட்டப் பொறுப்பு எப்போதும் உங்கள் ஆட்சிக்குழுவிடமே இருக்கும். ஆனால் தேர்வுக் குழுவின் முடிவை மாற்றினால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று விதி வையுங்கள். இல்லையென்றால் இரண்டாம் ஆண்டு யாரும் வரமாட்டார்கள்.

கேள்வி: 3,000 வெள்ளி கொடுத்தால் எத்தனை பக்க அறிக்கை கேட்கலாம்? (செங்காங் வாசகி)

ஒரு பக்கமும் வேண்டாம். அரை மணி நேரம் தொலைபேசியில் பேசுங்கள், அல்லது நேரில் போய்ப் பாருங்கள். என்ன நடந்தது, எது நடக்கவில்லை, அடுத்த ஆண்டு எதை மாற்றப்போகிறீர்கள் என்ற மூன்றே கேள்விகள். குறிப்பெடுக்கும் வேலை உங்களுடையது. பெரிய தொகை என்றால் அவர்கள் அறநிறுவன ஆணையருக்கு அனுப்பும் ஆண்டறிக்கையின் படியே போதும். உங்களுக்கென்று தனிப் படிவம் உருவாக்காதீர்கள். உதவியை நிறுத்தப்போகிறீர்கள் என்றால் மட்டும் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே எழுத்தில் சொல்லி, கடைசி ஆண்டில் பாதித் தொகையாவது கொடுங்கள். அந்த அவகாசத்தில்தான் அவர்கள் வேறு ஆதரவைத் தேட முடியும்.

கேள்வி: அம்மாவின் வீட்டை விற்றதில் 250,000 வெள்ளியை அறப்பணிக்கு ஒதுக்கியிருக்கிறோம். குடும்பப் பெயரில் சொந்த அறநிறுவனம் தொடங்கலாமா? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. சொந்த அறநிறுவனத்துக்கு குறைந்தது மூன்று பேர் கொண்ட ஆட்சிக்குழு வேண்டும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். பொருளாளர் தொடர்ந்து நான்கு ஆண்டுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருக்கக்கூடாது என்கிறது ஆளுமை நெறிமுறை. ஒரே குடும்பத்தில் இதற்கெல்லாம் ஆள் கிடைப்பது கடினம். அறநிறுவனமாகப் பதிவானாலே வரிக்கழிவு கிடைத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். அதற்கு ஐபிசி தகுதி வேண்டும். ஐபிசி அமைப்பின் பணி சிங்கப்பூர்ச் சமூகம் முழுமைக்கும் பயன்பட வேண்டும். இனம், சமயம் என்று ஒரு பிரிவுக்குள் அடங்கக்கூடாது, சிறப்பு அனுமதி இருந்தாலன்றி.

உங்கள் தொகைக்கு, 2008இல் தொடங்கிய சிங்கப்பூர்ச் சமூக அறநிறுவனத்தில் குடும்பப் பெயரில் ஒரு நிதி வைக்கலாம். அங்கே 200,000 வெள்ளியிலிருந்து தனிப்பெயர் நிதி தொடங்க முடியும். யாருக்குக் கொடுப்பது என்று நீங்கள் பரிந்துரைக்கிறீர்கள். சரிபார்ப்பு, பணம் அனுப்புதல், கணக்கு எல்லாம் அவர்கள் வேலை. தகுதியுள்ள நன்கொடைகளுக்கு 250% வரிக்கழிவு உண்டு. 2023 வரவுசெலவுத் திட்டம் அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. 1,000 வெள்ளி கொடுத்தால் வரிக்கு உட்படும் வருமானத்தில் 2,500 குறையும்.

இந்த முறையின் பலவீனம், வரிக்கழிவு உள்ளே போடும்போதே கிடைத்துவிடுவது. பிறகு கொடுக்க அவசரம் இருக்காது. அமெரிக்காவில் இத்தகைய நிதிகளில் பணம் தேங்குகிறது என்ற குறை நெடுநாளாக உண்டு. அங்கே தனியார் அறநிறுவனங்கள் ஆண்டுக்குச் சொத்தில் 5% கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இந்த நிதிகளுக்கு அது இல்லை. ஆகவே விருப்பக் கடிதம் ஒன்றை இப்போதே எழுதுங்கள்: ஆண்டுக்கு 25,000, பத்து ஆண்டில் முடிய வேண்டும். இரண்டு ஆண்டு தொடர்ந்து பரிந்துரை வராவிட்டால் இன்ன நோக்கத்துக்கு அறநிறுவனமே கொடுத்துவிடலாம். உங்களுக்குப் பின் யார் பரிந்துரைப்பது என்று பெயரோடு எழுதுங்கள். அண்ணன் தம்பி மூவருக்கும் சம உரிமை என்று எழுதினால் மூவரும் ஒத்துப்போகும் வரை பணம் அசையாது. இருவர் சம்மதித்தால் போதும் என்று எழுதுங்கள்.

முடிவு தேதி வைத்துக் கொடுப்பது புதிதல்ல. அமெரிக்கத் தொழிலதிபர் ஜூலியஸ் ரோசன்வால்ட் 1917இல் தொடங்கிய நிதி, அவர் விருப்பப்படியே முதலையும் செலவழித்து 1948இல் மூடப்பட்டது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கான பள்ளிகள் அதனால் எழுந்தன. இன்னோர் அமெரிக்கத் தொழிலதிபரான சக் ஃபீனியின் அட்லாண்டிக் அறநிறுவனமும் 800 கோடி அமெரிக்க டாலரைக் கொடுத்து முடித்து 2020இல் மூடியது.

கேள்வி: தமிழ்நாட்டில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு இங்கே பணம் திரட்டி அனுப்பலாமா? (தெம்பனிஸ் வாசகர்)

சொந்தப் பணத்தை அனுப்புவது வேறு, பொதுமக்களிடம் கேட்பது வேறு. வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டிய நிகரத் தொகையில் குறைந்தது 80% சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி. தனிப்பட்ட வட்டத்துக்குள் திரட்டுவதற்கு இந்தப் பங்கீடு பொருந்தாது. வாட்ஸ்அப்பில் யாரும் பகிரக்கூடிய வேண்டுகோளைத் தனிப்பட்டது என்று எண்ணிவிடாதீர்கள். இதற்கு வரிக்கழிவும் இல்லை.

இந்தியப் பக்கத்தில், பணம் பெறும் அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர முடியும். நிர்வாகச் செலவு 20%க்கு மேல் கூடாது. பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிவிடவும் கூடாது. சென்னையில் பதிவுள்ள அமைப்புக்கு அனுப்பி, அங்கிருந்து ஊர்ப் பள்ளி அறக்கட்டளைக்குக் கொடுக்கச் சொல்லும் பழைய வழி இதனால் அடைபட்டுவிட்டது. இந்தியக் குடிமகனாக இங்கே வேலை செய்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர்க் குடிமக்கள் அனுப்புவது, ஓசிஐ அட்டை (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். ஆகவே இரு வகையினரின் பணத்தையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். பணம் அனுப்புவதற்கு முன் பள்ளி நிர்வாகத்திடம் பதிவுச் சான்றிதழின் படியைக் கேட்டு வாங்கி, முடியும் தேதியைப் பாருங்கள். பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். நீங்கள் மூன்று ஆண்டு உதவி என்று திட்டமிட்டால், நடுவில் புதுப்பிக்க வேண்டி வருமா என்பதையும் முதல் தவணைக்கு முன்பே பேசிவிடுங்கள்.